மங்கு மறைய மூன்று மாதம்

ஏழு நாளில் முகத்தை வெளுக்க வைக்கும் டப்பாவுக்கான விலையைக் கொடுப்பது சிறுநீரகம்

கொச்சி தோப்பும்படியின் மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையிலிருந்து போன விசைப்படகுகள் ஆழ்கடலில் பிடித்த சூரையையும் சுறாவையும் இறக்குகிற துறை இது. ஏலக் குரல்களில் மலையாளத்தோடு தமிழும் கலந்து கேட்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் கூரைக்கு வெளியே வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார்கள். வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. அலை நுரை மட்டும் புற ஊதாக் கதிர்களில் சுமார் கால் பங்கைத் திருப்பி அடிக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இப்படி வெயிலில் வேலை செய்கிறவர்களின், குறிப்பாகப் பெண்களின், கன்ன எலும்பிலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலும் பழுப்புத் திட்டு ஒன்று மெல்லப் படியும். டாக்டர்கள் அதை மெலாஸ்மா என்கிறார்கள். மலையாளத்தில் கரிமங்கல்யம். கல்யாணமும் பிரசவமும் ஆகும் வயதில் தலைகாட்டுவதால் இந்தப் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. தமிழில் மங்கு. விளக்கு மங்கியது என்று சொல்கிற அதே சொல்தான். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று இதற்குக் காரணங்கள் பல. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தினமும் கண்ணாடியில் பார்க்க வேண்டிய முகம் என்பதால் மனசு கேட்பதில்லை.

கேட்காத மனசுக்குக் கடைத்தெருவில் இரண்டு பதில்கள் காத்திருக்கின்றன. ஒன்று, மருந்துக் கடையில் சொட்டுக் குழாயுடன் விற்கும் 30 மில்லி கண்ணாடிக் குப்பி. பெயர் சீரம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'சீரம் கிரியாட்டினின்' என்று வரும் சீரம் வேறு, இது வேறு. இது முகத்தில் தடவும் நீர்த்த மருந்துக் கரைசல். இன்னொன்று, கூட வேலை செய்யும் அக்கா கொடுத்தது, பியூட்டி பார்லரில் கிடைத்தது, வளைகுடாவிலிருந்து வந்த பெட்டியில் இருந்தது என்று கைமாறும், முகவரி இல்லாத க்ரீம் டப்பா. சீரம் மூன்று மாதம் கேட்கிறது. டப்பா ஒரு வாரத்தில் முகத்தை வெளுத்துக் காட்டுகிறது. எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜெயித்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் 2023இல் பார்த்தது.

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் இருவரையும் அந்தக் காலகட்டத்தில் ஒரு விஷயம் குழப்பியது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து வந்த நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோது வடிகட்டும் சவ்வு தடித்திருந்தது. அதில் 'நெல்-1' என்ற புரதம் தென்பட்டது. (வயலில் விளையும் நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கிலச் சுருக்கம்.) அபூர்வமான இந்த வகை ஒரே வட்டாரத்தில் வரிசையாக ஏன் வர வேண்டும்? கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பழக்கம்: முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம்.

அவர்களுடைய கணக்கு 2024இல் 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழில் வெளிவந்தது. 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை பதிவான சவ்வு நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 வகை. அந்த 15 பேரில் 13 பேர் க்ரீம் தடவியவர்கள். ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அளவுக்குப் போனது. ஆறுதலான செய்தியும் உண்டு. க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் பின்வாங்கியது. சற்று முன்னதாக மகாராஷ்டிரத்தின் அகோலாவில் இதே கதை ஒரே குடும்பத்தில் நடந்தது. உள்ளூர் அழகுக்கலைப் பெண் கொடுத்த க்ரீமைப் பகிர்ந்துகொண்ட மகள், அம்மா, சகோதரி மூவருக்கும் சிறுநீரகம் பழுதானது. கண்டுபிடித்தது மும்பையின் கே.இ.எம். மருத்துவமனை.

டப்பாவில் இருந்தது பாதரசம்.

சருமத்துக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி இயங்க அதற்குள் செம்பு இருக்க வேண்டும். பாதரசம் செம்பை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நொதி முடங்குகிறது, நிறம் குறைகிறது. 'பலன் தெரிகிறது' என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. வியர்வைக் குழாய், மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் தங்குகிறது. தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டிக்கொண்டு க்ரீமே தடவாத குழந்தையையும் எட்டுகிறது.

இந்த விஷயத்தில் தமிழருக்கு அறியாமையைச் சாக்குச் சொல்ல இடமில்லை. பாதரசத்தின் உப்புகளுக்கு வீரம், பூரம் என்று பெயர் வைத்து, சித்த மருத்துவ நூல்கள் அவற்றைப் பாஷாண வரிசையில்தான் சேர்த்திருக்கின்றன. நவீன வேதியியலில் 'கலோமெல்' என்று சொல்லப்படுவதும் பூரமும் ஒன்றுதான். வெளுப்பு க்ரீம்களில் அடிக்கடி பிடிபடுவதும் அதுதான். பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடம் இதே நெல்-1 நோய் வருவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022இலேயே எழுதியிருந்தார்கள்.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் அழகுசாதனக் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. 2025 ஜனவரியில் மாநில அரசு வெளியிட்ட தகவல் திடுக்கிட வைப்பது: ஆய்வுக்கு அனுப்பிய உதட்டுச் சாயம், முகக் க்ரீம் மாதிரிகளில் பாதரசம் அனுமதித்த அளவைப் போல் 12,000 மடங்கு வரை இருந்தது. சட்டம் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசத்துக்கு அனுமதிக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு (கண் மை வகைகளுக்கு மட்டும் 70 பங்கு). 12,000 மடங்கு என்றால் 1.2 சதவீதம். 20 கிராம் டப்பா ஒன்றில் இந்த அளவு இருந்தால் அதில் 240 மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் குழந்தைகளை விலக்கிவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொல்கிற சி.எப்.எல். விளக்கில் இருப்பது அதிகம் போனால் 5 மில்லிகிராம்.

பாதரசத்தை விடப் பரவலாக இருக்கும் இன்னொரு வில்லன் ஸ்டீராய்டு. பீட்டாமெதசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் குழாய்க் களிம்பாக வரும். படைக்கும் அரிப்புக்கும் டாக்டர் பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்ததை, நிறம் கொஞ்சம் தெளிந்ததே என்று பத்து மாதம் தடவுகிறவர்கள் ஏராளம். இந்தியாவின் 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 29 சதவீதத்தினர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவோ சாதாரண முகக் க்ரீமாகவோ நினைத்துப் பயன்படுத்தியவர்கள். தோல் மெலிந்து, ரத்த நரம்பு தெரிந்து, நிறுத்தினால் எரிந்து, மறுபடி தடவினால்தான் அடங்கும் என்ற நிலைக்கு முகம் வந்துவிடும். மத்திய அரசு 2018 மார்ச்சில் 14 பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் கேட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தப் பட்டியலின் பலம் தெரியும்.

ஆகவே முதல் விதி வேகத்தைப் பற்றியது. சருமத்தின் மேலடுக்கு கீழிருந்து வளர்ந்து உதிர இளம் வயதில் சுமார் 28 நாள் ஆகும், வயது ஏறினால் இன்னும் கூடும். அந்த அடுக்கில் படிந்த நிறம் இரண்டு மூன்று சுற்று உதிர்ந்தால்தான் திட்டு வெளிறும். ஒழுங்கான சீரங்களின் பலனை ஆய்வாளர்கள் 8 முதல் 12 வாரம் கழித்து அளப்பது இதனால்தான். ஒரு வாரத்தில் முகம் முழுவதும் வெளுத்தால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்பட வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மங்கு போய்த் தன் சொந்த நிறம் திரும்ப வேண்டும் என்பது ஓர் ஆசை. சொந்த நிறமே மாற வேண்டும் என்பது வேறு ஆசை. 'பளிச்' என்ற விளம்பர வார்த்தை இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்கிறது. 1975இல் இந்தியாவுக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'க்ளோ' ஆனது. கழுத்துக்குக் கீழே வெயில் படாத இடத்தில் என்ன நிறமோ, அதுதான் எந்த நல்ல சீரமும் கொண்டுபோய் விடக்கூடிய எல்லை. அதற்கு அப்பால் கூட்டிப் போகிறேன் என்கிற குப்பியை மூடி வைத்துவிடலாம்.

சரி, நல்ல சீரம் என்ன செய்கிறது? எல்லாக் குப்பியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடு மெலனின் உற்பத்தியைத் தடுப்பதில்லை. உற்பத்தியான நிறப் பொட்டலங்கள் மேல் செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. 4, 5 சதவீதமே போதும். பெரும்பாலோருக்கு எரிச்சல் தராது என்பதால் தொடங்குவதற்கு ஏற்றது. வைட்டமின் சி நல்லதுதான், ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். நீர் போல் இருந்த சீரம் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால், கொடுத்த காசை நினைத்துத் தடவிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. அசெலாயிக் அமிலம் பருவுக்கும் பரு விட்டுச் சென்ற கறைக்கும் சேர்த்து உதவுவது. கர்ப்ப காலத்திலும் டாக்டர்கள் அனுமதிக்கும் சிலவற்றில் ஒன்று. மங்கு பலருக்குக் கர்ப்பத்தில் தொடங்குகிறது என்பதால் இது முக்கியம். ஜப்பானியர் அரிசி மது காய்ச்சப் பயன்படுத்தும் பூஞ்சையிலிருந்து வந்தது கோஜிக் அமிலம். டைரோசினேஸை அடக்கும், சிலருக்கு அரிக்கும். டிரானெக்சாமிக் அமிலம் அடிப்படையில் ரத்தப் போக்கை நிறுத்தும் மருந்து. மங்குக்கும் கேட்கிறது என்பதை 1979இல் ஜப்பானிய மருத்துவர் ஒருவர் எழுதினார். சீரமாகத் தடவுவது ஒன்று, மாத்திரையாக விழுங்குவது வேறொன்று. ரத்தம் உறையும் ஆபத்து இருப்பவர்கள் மாத்திரையைத் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. ரெட்டினாய்டு வகைகள் இரவில் மட்டும், கர்ப்பத்தில் கூடவே கூடாது.

ஹைட்ரோகுயினோன் தனி ரகம். தோல் மருத்துவர்கள் இன்றும் நம்பும் வலுவான மருந்து, அதனாலேயே டாக்டரின் கண்காணிப்பில் சில மாதங்களுக்கு மட்டும் உரியது. வருடக் கணக்கில் தடவியவர்களுக்கு நீலக் கருமை படர்ந்து நிரந்தரமாகத் தங்குவதை 1975இல் தென்னாப்பிரிக்காவில் பார்த்தார்கள். கறையை நீக்க வந்த மருந்து கறையாகவே உட்கார்ந்துவிட்டது. அந்த நாடு 1990இல் அதை அழகுசாதனங்களிலிருந்து விலக்கியது. ஐரோப்பாவும் 2001இல் விலக்கியது.

பெரிய கம்பெனி, பெட்டியில் முகவரி, அரசு அனுமதி எல்லாம் இருந்தும் தவறு நடக்கும் என்பதற்கு ஜப்பானின் கானெபோ உதாரணம். ரோடோடென்ட்ரால் என்ற பொருள் கலந்த வெளுப்புச் சாதனங்களை 2013 ஜூலையில் அந்தக் கம்பெனி திரும்பப் பெற வேண்டி வந்தது. தடவியவர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வெண்திட்டுகள் வந்திருந்தன. ஆனாலும் ஒரு வித்தியாசம். பெட்டியில் பெயர் இருந்ததால்தான் திரும்பப் பெற முடிந்தது, நஷ்டஈடு கேட்க முடிந்தது. முகவரியில்லாத டப்பாவை யார் திரும்பப் பெறுவார்கள்?

தடவும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேற்கத்திய முகத்தில் எரிச்சல் சிவந்து மறையும். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் எரிச்சல் கறுத்துத் தங்கும். பரு போன இடம் கறுப்பதும் கொசுக்கடி கறுப்பதும் இதே காரணத்தால்தான். 'எரிகிறதென்றால் வேலை செய்கிறது' என்று நான்கு சீரத்தை ஒன்றன் மேல் ஒன்றாகத் தடவுகிறவர், போக்க நினைத்த கறையைத் தானே புதிதாக உண்டாக்குகிறார். ஒரு நேரத்தில் ஒரு சீரம், அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு. முகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கி, ஒத்துக்கொண்டால் தினமும். எலுமிச்சையை முகத்தில் தேய்க்கும் வீட்டு வைத்தியம் மிக மோசம். எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுத்த கோடாகப் பதியும்.

இத்தனையும் செய்துவிட்டு வெறும் முகத்தோடு தோப்பும்படி வெயிலில் இறங்கினால் மூன்று மாத வேலை மூன்று நாளில் போய்விடும். 2025 மார்ச்சில் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மழை எச்சரிக்கை போலவே புற ஊதாக் குறியீட்டுக்கும் எச்சரிக்கை விடுத்தது. 8 முதல் 10 வரை ஆரஞ்சு, 11க்கு மேல் சிவப்பு. லேசான மேகம் இந்தக் கதிரைத் தடுக்காது. எனவே சீரம் வாங்கப் பத்துப் பணம் இருந்தால் ஐந்தைக் குடைக்கும் அகல விளிம்புத் தொப்பிக்கும், மீதியைச் சன்ஸ்கிரீனுக்கும் செலவழிப்பது புத்திசாலித்தனம். சீரம் அதற்குப் பிறகுதான். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வியர்க்கும் வேலை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பொட்டுப் பொட்டாக வைத்துத் தேய்ப்பது போதாது. மங்குக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எதிரி. இரும்பு ஆக்சைடு கலந்து லேசாக நிறமேற்றிய சன்ஸ்கிரீன் அதையும் தடுக்கிறது.

சீரத்துக்குக் கேட்காத கருமையும் உண்டு. கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அங்கே தேவை சர்க்கரைப் பரிசோதனை. நெற்றியும் கன்னமும் சாம்பல் நிறமாகக் கறுத்தால் தலைச் சாயமோ குங்குமமோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். அதை நிறுத்தாமல் எந்தக் குப்பியும் பலிக்காது. மச்சம் ஒன்று வளர்ந்து, விளிம்பு கலைந்து, ரத்தம் கசிந்தால் அழகுக் கடைப் பக்கமே போகக் கூடாது.

டப்பாவை வாங்கும் முன் புரட்டிப் பார்க்கலாம். தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, உள்ளே என்னென்ன என்ற பட்டியல் இவை சட்டப்படி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவெண்ணும். கலோமெல், மெர்குரி, மெர்குரஸ், மெர்குரிக் என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் பாதரசம் என்று அர்த்தம். 'தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எச்சரிக்கை இருந்தாலும் அதே சந்தேகம்தான். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளுக்க வைக்கும் என்பது எந்த ஆசாரிக்கும் தெரியும்.

ஏற்கெனவே அப்படி ஒன்றைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்துவது நல்லது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் முதலில் எரிந்து சிவக்கும். பயந்து மறுபடி தடவத் தோன்றும், அப்போது தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எறணாகுளம் ஜெனரல் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே தோல் பிரிவு உண்டு. போகும்போது டப்பாவை அட்டைப் பெட்டியோடு எடுத்துப் போக வேண்டும், வெட்கப்பட்டு வீட்டில் விட்டுவிடக் கூடாது. காலையில் கண் இமையோ மாலையில் கணுக்காலோ வீங்கியிருந்தால், சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும். செலவு ஒரு சன்ஸ்கிரீன் குழாயின் விலை கூட ஆகாது.